மகரக்கட்டு உடைஞ்ச வருஷமும் ஒரு டெக்சஸ் மிடில் ஸ்கூல் கொயரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு பையனோட மூணு வருஷ கொயர் கதை, கொயர்னா சேர்ந்து பாடுற குழு. பையன் என் பையன்தான். ஊர் டாலஸ் பக்கத்துல ஒரு சபர்ப், ஸ்கூல் சாதாரண பப்ளிக் மிடில் ஸ்கூல், ஆறு ஏழு எட்டாம் கிளாஸ். ஸ்கூல் பேரு டைரக்டர் பேரு எதுவும் போடல, பையனை தம்பின்னே எழுதுறேன், வீட்லயும் அப்படித்தான் கூப்பிடுறோம். இவ்ளோ நீளமா எதுக்குன்னா, வருஷா வருஷம் எலெக்டிவ் ஷீட், அதாவது விருப்பப் பாடம் எடுக்குற ஷீட் வந்ததும் நம்ம ஆளுங்க வாட்ஸப் குரூப்ல அதே கேள்விதான் ஓடுது: பேண்டா ஆர்கெஸ்ட்ராவா கொயரா, கொயர்னா வேஸ்ட்தானே, பையனுக்கு வேற குரல் உடையப்போகுது அப்புறம் என்ன பண்ணுவான். கடைசிக் கேள்வி மட்டும் சரியான கேள்வி. எங்களுக்குக் கெடச்ச பதில் என்னன்னா, உடையுற குரலை டைரக்டர் எந்த பார்ட்ல, அதாவது மேல் குரல் கீழ்க் குரல்னு பிரிக்கிறதுல எந்த வரிசைல, கொண்டு போய் நிறுத்துறாங்கங்கறதுதான் பையன் கொயர்ல நிப்பானா ஓடுவானான்னு முடிவு பண்ணுது. திறமை ஆர்வம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

பின்னணி

டெக்சஸ்ல ஆறுலேர்ந்து எட்டுக்குள்ள ஏதாவது ஒரு ஃபைன் ஆர்ட்ஸ் கோர்ஸ் முடிச்சே ஆகணும்னு ஸ்டேட் ரூல். பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கொயர், தியேட்டர், ஆர்ட், இதுல எதையாவது எடுத்துக்கலாம். நம்ம ஊர்ல ஆண்டு விழாவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது தமிழ் டீச்சர் நாலு பிள்ளைங்களைப் புடிச்சு சேர்ந்திசை சொல்லிக் குடுப்பாங்கள்ல, அப்படி இல்ல இது. தினமும் ஒரு பீரியட், மேத்ஸ் சயின்ஸ் மாதிரியே ரிப்போர்ட் கார்டுல மார்க் வரும், எழுத்து டெஸ்ட் உண்டு, கான்செர்ட்டுக்கு வரலைன்னா மார்க் கொறையும். ஏதோ ஸ்கூல் முடிஞ்சு கொஞ்ச நேரம் பாடிட்டு வருவாங்க போலன்னு நெனச்சு சேத்துவிட்டுட்டு, அக்டோபர் கான்செர்ட் அன்னைக்கு இந்தியா டிக்கெட் போட்டு வச்சிருக்கோமேன்னு முழிக்கிற பேரண்ட்ஸ் எத்தனையோ பேர்.

தம்பி கொயர் எடுத்ததுக்குப் பெரிய காரணம் ஒண்ணும் கெடையாது. பேண்டுன்னா வாத்தியம் மாசாமாசம் வாடகைக்கு எடுக்கணும், காலைல சீக்கிரம் கொண்டு போய் விடணும், இவனுக்கு அதைத் தூக்கிட்டு பஸ்ல ஏறவே இஷ்டம் இல்ல. கொயருக்குத் தொண்டை இருந்தா போதும். ஒரு ஃபீஸ், ஒரு போலோ சட்டை, கருப்பு கால்சட்டை, கருப்பு ஷூ, கருப்பு ஃபோல்டர், ஃபோல்டருக்குள்ள கட்டாயம் ஒரு பென்சில். பென்சில் இல்லைன்னா மார்க் போகும், நெஜமாவே போகும். அப்புறம் ஃபண்ட்ரெய்சர்னு சொல்லி ஒரு பெட்டி சாக்லேட் வீட்டுக்கு வரும், பாதிய இவங்க அப்பா ஆபீஸ் பிரேக் ரூம்ல வச்சு வித்துருவாரு, மீதிய நாங்களே தின்னுட்டுக் காசு போட்டுருவோம். எல்லா தேசி வீட்லயும் இதே கதைதான் நடக்குதுன்னு பின்னாடி தெரிஞ்சுது.

ஆறாம் கிளாஸுக்கு ஆடிஷன் கெடையாது, யாரு வேணா சேரலாம். ஏழு எட்டுக்குப் போகும்போதுதான் குரலைக் கேட்டுப் பிரிப்பாங்க. தம்பி சின்ன வயசுலேர்ந்து ஆன்லைன்ல கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டு இருந்தான், அஞ்சு கட்டை சுருதில சரளி, ஜண்டை, கீதம் எல்லாம் தாண்டி வர்ணத்துக்குப் பக்கத்துல வந்திருந்தான். அதனால பாட்டு இவனுக்கு ஈசியா இருக்கும்னு நெனச்சோம். ஈசியா இருந்தது கொஞ்சம், இடிச்சது நெறய.

ஆறாம் கிளாஸ்: ரெண்டு சங்கீதம் ஒரே தொண்டைல

ஈசியா இருந்தது டோ ரே மி, நம்ம ச ரி க மாதிரி இங்கத்த சுரப் பேரு. இங்க இவங்க சொல்லிக் குடுக்குறது மூவபிள் டோ, அதாவது பாட்டு எந்த ஸ்கேல்ல இருக்கோ அங்க டோ போய் உக்காந்துக்கும். சுருதிப் பெட்டிய எங்க வச்சாலும் அதுதானே நமக்கு சட்ஜமம், அதனால தம்பிக்கு ஒரு நிமிஷம்கூட குழப்பம் வரல. மத்த பசங்க பியானோவோட வெள்ளைக் கட்டை சி-தான் டோன்னு புடிச்சுக்கிட்டு மல்லுக்கட்டிட்டு இருந்தப்ப இவன் ஜாலியா இருந்தான். கைல வேற காமிக்கணும்: டோன்னா மூடின முஷ்டி, மி-ன்னா உள்ளங்கை தரையப் பாத்து மட்டமா, சோல்னா உள்ளங்கை நெஞ்சைப் பாத்து, லா-ன்னா மணிக்கட்டுலேர்ந்து தொங்குற கை, டீ-ன்னா ஆள்காட்டி விரல் மேல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல சாரா க்ளோவர்னு ஒரு அம்மா பிள்ளைங்களுக்காக உண்டாக்கின பாட்டு முறைய ஜான் கர்வன்ங்கறவர் எடுத்து இந்தக் கை சைகையச் சேத்தாரு, அப்புறம் ஹங்கேரில கோடாய்ங்கற இசையமைப்பாளரோட வழில வந்தவங்க அதை எடுத்துக்கிட்டாங்க, இப்ப டெக்சஸ் கொயர் கிளாஸ்ல இது இல்லாம ஒரு நாள் போகாது. தம்பி ஸ்கூல் விட்டு வந்து ஃப்ரிட்ஜைத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னபடியே கைல காமிச்சுட்டு இருப்பான்.

இடிச்ச விஷயம் ரெண்டு. மொதல்ல கமகம். பாட்டு வாத்தியார்கிட்ட ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கிட்டுப் போகணும்னு வருஷக்கணக்கா பழகின தொண்டை, இங்க வந்து அதையே பண்ணுனா டைரக்டர் கைய நிறுத்திடுவாங்க, கீழேர்ந்து தூக்கிட்டு வராத, நேரா நோட்டு மேல போய் இறங்குன்னு. முப்பது பேர் சேந்து ஒரே சுரம் பாடும்போது ஒருத்தன் வழுக்கினாலும் மொத்தமும் கலங்கலா கேக்கும், அவங்க சொல்றதுல தப்பு இல்ல. ஆனா பதினோரு வயசுப் பையனுக்கு சனிக்கிழமை காலைல சபாஷ் வாங்கின விஷயம் திங்கக்கிழமை தப்புன்னா எப்படி இருக்கும்.

ரெண்டாவது, இதுதான் பெரிய அதிர்ச்சி, பக்கத்துல நிக்கிறவன் வேற சுரம் பாடுவான். நம்ம சங்கீதத்துல பத்து பேர் பாடினாலும் எல்லாரும் ஒரே சுரம்தான், மாறினா தப்பு. இங்க மாறலைன்னா தப்பு.

"அம்மா, நான் கரெக்டா ஆரம்பிக்கிறேன்மா, நாலாவது வரில அவன்கூட ஓடிடுறேன்."

"காதைப் பொத்திக்கிட்டுப் பாடேன்டா."

"பொத்தக் கூடாதாம். அவனையும் கேக்கணுமாம், என் பார்ட்டையும் விடக் கூடாதாம்."

கிட்டத்தட்ட ஜனவரி வரைக்கும் இந்தப் போராட்டம்தான். டைரக்டர் பண்ணின வேலை சின்னது: இவனை வரிசைக்கு நடுவுல வைக்காம, ரெண்டு பார்ட்டும் சந்திக்கிற ஓரத்துல வேணும்னே நிறுத்தினாங்க. எனக்கு மொதல்ல இது தண்டனையா பட்டுது. அங்க நின்னுதான் அவனுக்குக் காது தொறந்துச்சு. ஒரு நாள் கார்ல வரும்போது ரேடியோல எதோ பாட்டு ஓடுது, இவன் பாட்டுக்கு அதுக்குக் கீழ ஒரு மூணு சுரம் தள்ளி இன்னொரு பாட்டு முனகிட்டு வர்றான், தப்பா பாடுறான்னு திரும்பிப் பாத்தேன், அப்புறம்தான் புரிஞ்சுது.

டிசம்பர் கான்செர்ட்

எங்க குரூப்ல வருஷா வருஷம் சண்டை வர்ற இடம் இது, அதனால சொல்லிட்டுப் போறேன். கான்செர்ட் லிஸ்ட்ல லத்தீன்ல ரெண்டு பாட்டு, ரெண்டும் சர்ச் பாட்டு. பப்ளிக் ஸ்கூல்ல இது எப்படின்னு ஒரு அப்பா மெயில் போடுற அளவுக்குப் போயிட்டாரு. இது டெக்சஸ்லயே கோர்ட் வரைக்கும் போன விஷயம். டங்கன்வில்னு டாலஸ் பக்கத்துல ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அங்க ஒரு மாணவி குடும்பம் ஸ்கூல் மேல கேஸ் போட்டாங்க, கோச் நடத்துற பிரார்த்தனை, கொயரோட தீம் சாங்கா ஒரு கிறிஸ்தவ ஆசீர்வாதப் பாட்டு ரெண்டும் கூடாதுன்னு. 1995ல ஃபிஃப்த் சர்க்யூட் அப்பீல் கோர்ட், ஸ்கூல் ஆளுங்க பிரார்த்தனைல கலந்துக்கிறது தப்பு, ஆனா பாட்டு இருக்கலாம்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. கொயர் இசைல பெரும்பகுதி மத சம்பந்தமான வரிகளை வச்சுதான் இருக்கு, அதைத் தடுத்தா பாடமே நடத்த முடியாதுங்கறதுதான் கோர்ட்டோட வாதம். எனக்கு இது நியாயமாத்தான் படுது. தியாகராஜர் இல்லாம கர்நாடக சங்கீதம் சொல்லிக் குடுன்னா யாராலயும் முடியாதுல்ல. புடிக்காதவங்க டைரக்டர்கிட்ட தனியா பேசினா அந்தப் பாட்டுக்கு மட்டும் விலக்கு குடுக்குறாங்க, எங்க ஸ்கூல்ல ஒரு குடும்பம் அப்படிப் பண்ணுச்சு, பெரிய விஷயம் ஆகல.

ஏழாம் கிளாஸ்: குரல் போச்சு

இனிமேதான் விஷயமே. ஏழாம் கிளாஸ் ஆரம்பத்துல வீடியோ கால்ல தம்பி "அப்பத்தா"ன்னு கூப்பிட்டான், அந்த ஒரு வார்த்தை ரெண்டு குரல்ல வந்துச்சு. மதுரைலேர்ந்து அப்பத்தா சிரிச்சுட்டாங்க. "மகரக்கட்டு உடையுதுய்யா. கத்தாத, பனங்கற்கண்டு போட்டுப் பால் குடி. ஒங்க தாத்தாவுக்கும் இப்படித்தான், ஆறு மாசம் வாயைத் தொறக்கல."

இதுக்குப் பின்னாடி இருக்குற உடம்பு விஷயத்தைக் கொஞ்சம் சொல்லணும். சின்ன வயசுல ஆண் பொண்ணு ரெண்டு பேருக்கும் குரல் நாண் கிட்டத்தட்ட ஒரே நீளம்தான். வயசுக்கு வர்ற காலத்துல குரல்வளையே பெருசாகுது, பசங்களுக்குக் குரல் நாண் பொண்ணுங்களுக்கு வளர்றதை விட ரெண்டு மடங்குக்கும் மேல நீளுது, தடிக்குது. கழுத்துல மேடு தெரியுறது அதனாலதான். பேசுற குரல் கடைசில கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி எறங்கிடும். நாண் நீண்டுடுச்சு, அதை இழுத்துப் புடிக்கிற தசை இன்னும் புது அளவுக்குப் பழகல, அந்த இடைவெளிலதான் கிறீச்சுன்னு போறது. நோய் ஒண்ணும் இல்ல.

அந்தக் காலத்துல நம்ம ஊர் பாய்ஸ் கம்பெனி நாடகத்துல மகரக்கட்டு உடைஞ்சா பையனோட பாட்டு வேஷம் போச்சு, நேத்து வரைக்கும் ராஜபார்ட், இன்னைக்குக் கூட்டத்துல ஒருத்தன். பையனோட பொழப்பே அதுலதான் இருந்துச்சு. தம்பியோட பாட்டு வாத்தியாரும் அதே வழில வந்தவர்தான்னு நெனைக்கிறேன். அஞ்சு கட்டை எட்டலைன்னதும், குரல் உக்காரட்டும்மா, அப்புறம் ஒரு கட்டைலயோ ரெண்டு கட்டைலயோ புதுசா ஆரம்பிச்சுக்கலாம், அதுவரைக்கும் நிறுத்தி வைங்கன்னு சொல்லிட்டாரு. நல்ல மனுஷன், அக்கறைலதான் சொன்னாரு. ஆனா எவ்ளோ நாள்னு யாருக்கும் தெரியாது, தம்பி அதுக்குள்ள பாட்டை மறந்துட்டு வீடியோ கேமுக்குப் போயிருவான்னு எனக்கு நல்லாத் தெரியும்.

கொயர்ல வேற மாதிரி நடந்துச்சு. அமெரிக்கால இதுக்குன்னே ஒரு படிப்பு வளர்ந்திருக்கு. ஃப்ளோரிடா ஸ்டேட் யூனிவர்சிட்டில இருந்த இர்வின் கூப்பர்ங்கறவர், உடையுற குரலை மேல் குரலான சோப்ரானோவும் ஆக்காத, அடிக் குரலான பேஸும் ஆக்காத, அதுக்குன்னு தனி பார்ட் எழுதுன்னு சொன்னாரு, கம்பியாட்டான்னு பேரு. அப்புறம் ஜான் குக்ஸி 1977-78 வாக்குல தொடர் கட்டுரையா எழுதினாரு: பையனோட குரல் ஒரே நாள்ல டமார்னு உடையுறது இல்ல, படிப்படியாத்தான் எறங்குது, ஒவ்வொரு படிலயும் எந்த சுரத்துலேர்ந்து எந்த சுரம் வரைக்கும் வசதியா பாட முடியும்னு ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்லலாம், அந்த எல்லைக்குள்ள பாடுனா நிறுத்தவே தேவை இல்லன்னு. இன்னைக்கு மிடில் ஸ்கூல் டைரக்டர்ங்க பெரும்பாலும் இதை வச்சுதான் ஓட்டுறாங்க. பப்ளிஷர்ங்களும் த்ரீ பார்ட் மிக்ஸ்டுனு ஒரு வகை போடுறாங்க, அதுல மூணாவது பார்ட் ரொம்பச் சின்ன எல்லைக்குள்ளயே சுத்தும், உடையுற பசங்களுக்காகவே எழுதினது.

நடைமுறைல என்ன பண்ணினாங்கன்னா, சில வாரத்துக்கு ஒரு தடவை டைரக்டர் பசங்களை ஒவ்வொருத்தனா பியானோகிட்ட கூப்பிட்டு ரெண்டு நிமிஷம் குரல் பாப்பாங்க. ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணச் சொல்லுவாங்க, பேசுற குரல் எங்க இருக்குன்னு கேக்க. அப்புறம் சைரன் மாதிரி குரலை மேல ஒரு இழுப்பு, கீழ ஒரு இழுப்பு. கார்டுல பென்சில்ல குறிச்சுப்பாங்க. மத்த பசங்க அந்த நேரம் தியரி ஷீட் போட்டுட்டு இருப்பாங்க, யாரும் சிரிக்கக் கூடாது, சிரிச்சா வெளிய. தம்பி செப்டம்பர்ல பார்ட் ரெண்டுல இருந்தான், நவம்பர்ல மூணுக்கு மாத்தினாங்க, ஸ்ப்ரிங்ல பாரிடோன், அதாவது ஆண் குரல்ல நடுக் குரல். அதே பாட்டுலயே நடுவுல ஒரு தடவை பார்ட் மாறினான். எங்க வீட்ல இதைக் கீழ எறக்கிட்டாங்கன்னு புரிஞ்சுக்கிட்டு இவங்க அப்பா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு. கிளாஸ்ல ஆனா இது ப்ரமோஷன் மாதிரிதான், பாரிடோன் வரிசைக்குப் போனவனுக்குப் பசங்க கை தட்டுவாங்களாம்.

இதுல ஒரு விஷயத்தை நான் கிட்டத்துலேர்ந்து பாத்தேன். ஜனவரில ஒரு ராத்திரி டைனிங் டேபிள்ல உக்காந்து ப்ராக்டிஸ் ட்ராக் போட்டுப் பாடிட்டு இருக்கான். கீழ நல்லா வருது, புதுக் குரல், கொஞ்சம் மரத்துண்டு மாதிரி இருந்தாலும் சுருதி சரி. மேலயும் பழைய குரல் மெலிசா இருக்கு. நடுவுல, பியானோவோட நடு சி-யான மிடில் சி-லேர்ந்து மேல ரெண்டு மூணு சுரம், காத்துதான் வருது. சத்தமே இல்ல. அவன் வாயைத் தொறந்து மூச்சு விடுறான், ஒண்ணும் வரல, என்னைப் பாக்குறான். நான் பயந்துட்டேன், டாக்டர்கிட்ட காமிக்கலாமான்னு அன்னைக்கு ராத்திரியே டைரக்டருக்கு மெயில் போட்டேன். காலைல பதில் வந்துச்சு: இந்த வயசுல சில பசங்களுக்கு அந்த இடத்துல ஓட்டை விழும், தானா மூடிக்கும், அதுவரைக்கும் அந்த சுரம் வந்தா வாயை மட்டும் அசைக்கட்டும், அழுத்திப் பாட வேண்டாம், வலி இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட போங்க. பாட்டு ஷீட்ல அந்த மூணு சுரத்தையும் பென்சில்ல வட்டம் போட்டு, பக்கத்துலயே கீழ ஸ்தாயில மாத்து சுரம் எழுதிக் குடுத்திருந்தாங்க. அந்தப் பென்சில் எதுக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அந்த வருஷம் சேந்த பசங்கள்ல ஒருத்தனோ ரெண்டு பேரோதான் விட்டுட்டுப் போனாங்க, அதுவும் ஒருத்தன் ஃபுட்பாலுக்காக. எனக்குத் தெரிஞ்ச இன்னொரு ஸ்கூல்ல பசங்களுக்குத் தனி கிளாஸ் இல்ல, எல்லாரும் ஒரே ரூம்ல, அறுபது பொண்ணுங்க நடுவுல எட்டு பசங்க, குரல் உடையுறவன் எல்லார் முன்னாடியும் கிறீச்சுடுவான். அங்க எட்டாம் கிளாஸ் வரும்போது பசங்களே இல்ல. பணம் கூடுதல் கொறைச்சல் எல்லாம் இல்ல, ரெண்டும் ஒரே டிஸ்ட்ரிக்ட். பசங்களைத் தனி பீரியடா பிரிச்ச டைம்டேபிள்தான் வித்தியாசம்.

எட்டாம் கிளாஸ்: யூஐஎல்

யூஐஎல்னா யூனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக், 1910ல டெக்சஸ் யூனிவர்சிட்டி ஆரம்பிச்சது. இந்த ஸ்டேட்ல ஸ்கூல் ஃபுட்பால்லேர்ந்து பேச்சுப் போட்டி வரைக்கும் இவங்க கைலதான். கொயருக்கு ஸ்ப்ரிங்ல ஒரு எவால்யுவேஷன் நடக்கும். மேடைல பாடணும், அங்க மூணு ஜட்ஜ். அது முடிஞ்சதும் இன்னொரு ரூமுக்குப் போய் இதுவரைக்கும் கண்ணால பாக்காத பாட்டை நோட்டேஷன் பாத்து பாடணும், இதுக்கு சைட் ரீடிங்னு பேரு, அங்க வேற மூணு ஜட்ஜ். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ரேட்டிங், ஒண்ணுன்னா சுப்பீரியர். ரெண்டுலயும் ஒண்ணு வாங்கினா ஸ்வீப்ஸ்டேக்ஸ்னு கோப்பை. யாரும் யாரையும் ஜெயிக்கிறது இல்ல, இருபது கொயர் வந்தா இருபதுக்கும் ஒண்ணு கெடைக்கலாம். இவங்க அப்பாவுக்கு இதைப் புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, "சரி, எத்தனாவது இடம்?"னே கேட்டுட்டு இருந்தாரு.

தம்பி அப்ப டெனர்-பேஸ் கொயர்ல, பசங்க மட்டும், ஏழும் எட்டும் சேந்து. போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அடி விழுந்துச்சு. கீழ் பார்ட்டைத் தாங்கிட்டு இருந்த பையன் ஒருத்தன், நல்ல கனமான குரல், அவனுக்கு அந்த ஆறு வாரத்து மார்க்ல ஒரு சப்ஜெக்ட்ல 68. டெக்சஸ்ல நோ பாஸ் நோ ப்ளேன்னு 1984லேர்ந்து சட்டம் இருக்கு, சில அட்வான்ஸ்டு கிளாஸைத் தவிர எந்த சப்ஜெக்ட்லயாவது 70க்குக் கீழ போனா வெளிப் போட்டிக்குப் போகக் கூடாது, மூணு வாரம் கழிச்சு மார்க் ஏறினாத்தான் திரும்ப சேத்துக்குவாங்க. ஃபுட்பால் பசங்க படிக்கணும்னு கொண்டு வந்த சட்டம்னு ஊர்ல எல்லாரும் பேசிக்குவாங்க, யூஐஎல் கொயர் எவால்யுவேஷனுக்கு ஸ்டேட் விதில இப்ப விலக்கு இருந்தாலும், எங்க ஸ்கூல்ல கொயர் பையனுக்கும் அதே கத்திதான். ரெண்டு மார்க். அந்தப் பையன் கிளாஸ்ல வந்து ஒக்காந்து எல்லார்கூடயும் பாடினான், பஸ்ல மட்டும் ஏற முடியல. இந்தச் சட்டம் சரிதானான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான், மத்த பதினெட்டு பேரு பாட்டும் சேந்துல்ல அடி வாங்குது. ஆனா என்னை மாதிரி ஒரு இந்திய அம்மா படிப்பை விடப் பாட்டு முக்கியம்னு வெளிய சொல்ல முடியுமா.

அந்த எடத்துக்கு தம்பியும் இன்னும் மூணு பேரும். ஒரு வருஷம் முன்னாடி நடு சுரத்துல காத்து விட்டுட்டு இருந்த பையன்.

மேடைப் பாட்டு நல்லா போச்சுன்னு நாங்களே பாத்தோம், நான் கூட்டத்துல இருந்தேன். சைட் ரீடிங் ரூம்ல என்ன நடந்துச்சுங்கறது அவன் சொல்லித்தான். நோட்டைக் குடுப்பாங்க, சில நிமிஷம் டைரக்டர் விளக்கலாம். ஆனா அந்த நேரத்துல யாரும் சுரத்தைப் பாடக் கூடாது. டைரக்டரும் முனகக் கூடாது. தாளத்தை வாயால சொல்லலாம், டோ ரே மி-ன்னு பேர் சொல்லலாம், கை காமிக்கலாம், சுருதில பாடினா மட்டும் தப்பு. பதினெட்டு பசங்க ஒரே நேரத்துல கைய மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டு மந்திரம் ஓதுற மாதிரி ஒரே குரல்ல பேசிக்கிட்டு, மண்டைக்குள்ள மட்டும் பாட்டு. அப்புறம் பியானோல சில சுரத்தைச் சேத்து ஒரு தடவை அடிப்பாங்க, பாட வேண்டியதுதான்.

"எங்க விட்டீங்க?"ன்னு கேட்டேன்.

"மூணாவது லைன்ல லா-லேர்ந்து கீழ மி-க்குத் தாவணும்மா. நாங்க நாலு பேரும் சரியாதான் காமிச்சோம். பாடும்போது ரெண்டு பேர் ஃபா-ல போய் நின்னுட்டாங்க."

"நீயா?"

"நான் இல்ல." கொஞ்ச நேரம் கழிச்சு, "மொதல் தடவ நானும்தான்."

ரிசல்ட்: மேடைக்கு ஒண்ணு, சைட் ரீடிங்க்கு ரெண்டு. கோப்பை இல்ல. பஸ்ல கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு அப்புறம் பீட்சா கடைல அந்த ஃபா-வைப் பத்தி ஒருத்தன ஒருத்தன் ஓட்டிட்டு இருந்தாங்களாம். ஜட்ஜ் ஒருத்தர் குடுத்த குறிப்பை டைரக்டர் க்ளாஸ்ல படிச்சுக் காமிச்சாங்க: உடைஞ்ச குரல், உடையாத குரல், பாதி குரல் எல்லாம் ஒரே கொயர்ல இருந்தும் யாரும் கத்தி சமாளிக்கலைன்னு. கோப்பைய விட இதுதான் பெருசுன்னு எனக்குத் தோணுச்சு, தம்பிக்குத் தோணல, அவனுக்குக் கோப்பைதான் வேணும்.

எது வேலை செஞ்சுது, எது செய்யல

செஞ்சதைச் சொல்லிட்டேன்: பசங்களுக்குத் தனி கிளாஸ், அடிக்கடி குரல் பாத்து பார்ட் மாத்தினது, மாத்தினதை அவமானம் ஆக்காதது. இதுல எதுக்கும் காசு செலவு இல்ல, டைரக்டரோட நேரம் மட்டும்தான்.

செய்யாதது பொண்ணுங்க விஷயம். பொண்ணுங்களுக்கும் இந்த வயசுல குரல் மாறும், உடையாது ஆனா காத்தோட்டமா ஆயிடும், மேல போனா ஒரு கரகரப்பு, திடீர்னு பலம் போயிடும். லின் கேகிள்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதைத் தனியாவே எழுதியிருக்காங்க. எங்க ஸ்கூல்ல பசங்களை அத்தனை தடவை பியானோகிட்ட கூப்பிட்டவங்க, பொண்ணுங்களை வருஷ ஆரம்பத்துல ஒரு தடவை கேட்டுட்டு மேல சோப்ரானோ, அதுக்குக் கீழ ஆல்ட்டோன்னு பிரிச்சு விட்டுட்டாங்க, அவ்ளோதான். அதுலயும் நோட்டேஷன் நல்லா படிக்கத் தெரிஞ்ச பொண்ணுன்னா நேரா ஆல்ட்டோ, ஏன்னா நடு பார்ட்டுக்குத் தாங்குற ஆள் வேணும். தம்பி ஃப்ரெண்டோட அக்கா ஒருத்தி மூணு வருஷமும் ஆல்ட்டோலயே இருந்தா, அவ குரல் எங்க வரைக்கும் போகும்னு யாரும் கேக்கவே இல்ல, பியானோ டீச்சர்தான் கண்டுபுடிச்சு சொன்னாங்களாம். எண்பது பொண்ணுங்க இருக்கும்போது தனித்தனியா பாக்க நேரம் எங்கன்னு டைரக்டர் பக்கமும் நியாயம் இருக்கு. இருந்தாலும் பொண்ணு வச்சிருக்கவங்க இதைக் கேட்டு வாங்கிக்கணும்.

எலெக்டிவ் நைட்டுக்குப் போறவங்க டைரக்டர்கிட்ட கேக்க வேண்டியது என்னன்னு பல பேர் கேக்குறீங்க. கோப்பை எத்தனைன்னு கேக்காதீங்க, அது சுவத்துலயே தொங்கும். ஏழாம் கிளாஸ் பசங்களுக்குத் தனி பீரியட் இருக்கா, வருஷத்துல எத்தனை தடவை குரல் பாப்பீங்க, ஆறாம் கிளாஸ்ல சேந்த பசங்கள்ல எத்தனை பேர் எட்டுல இருக்காங்க, இந்த மூணும் போதும். மூணாவதுக்கு உடனே நம்பர் சொல்ற டைரக்டர்னா தைரியமா சேருங்க.

இப்போதைய நிலவரம்: ஹைஸ்கூல்ல எப்படியும் ஒரு ஃபைன் ஆர்ட்ஸ் க்ரெடிட் வேணும், தம்பி ஒன்பதாம் கிளாஸுக்கு டெனர்-பேஸ் கொயரையே போட்டிருக்கான், பாரிடோன். ரோபோட்டிக்ஸும் அதே பீரியட்ல வருதுன்னு கவுன்சிலர் மெயில் போட்டிருக்காங்க, அதை மாத்த முடியுமான்னு கேட்டு இவங்க அப்பா பதில் எழுதிட்டு இருக்காரு. பாட்டு வாத்தியார்கிட்டயும் திரும்பப் போறான், ஒண்ணரை கட்டை சுருதி. வழுக்கிட்டுப் போறது மட்டும் மறந்து போச்சாம், எல்லா சுரத்துலயும் நேரா போய் நிக்கிறானாம், வாத்தியார் தலைல அடிச்சுக்கிறாரு.